பக்கத்து சீட்டின் எடை

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

நானும் அவளும் நலம். நீ எப்படி இருக்க, மாடி ரூம்ல தண்ணி ஒழுகுறது நின்னுச்சா, கை வெடிப்புக்குக் களிம்பு போடுறியா? மூணுக்கும் தனித்தனியா பதில் வேணும். போன தடவை "எல்லாம் சரி"ன்னு ரெண்டே வார்த்தையில முடிச்சுட்ட.

நீ போட்ட சட்டப்படிதான் இந்தக் கடிதமும். போன் கிடையாது, ஏன்னா பின்னாடி அவர் இருமுறது உன் காதுல விழுந்துடும். கடிதத்துலயும் அவர் பேச்சு வராது. பல் லேப்புல சாப்பாட்டு நேரத்துல உட்கார்ந்து எழுதுறேன். எதிர் மேஜையில நான் செஞ்ச பல் செட்டெல்லாம் வரிசையா என்னைப் பார்த்துச் சிரிக்குது.

விஷயத்துக்கு வரேன். என் மஞ்சள் வண்டிக்கு சஸ்பென்ஷன் மாத்தணும். மூணு கடையில கேட்டேன். ஒருத்தர் குட்டை ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தரையோட தரையா இறக்கிடலாம்ங்கிறார். இன்னொருத்தர் ரேஸ் வண்டிக்குப் போடுற செட்டை எடுத்து நீட்டுறார். மூணாவது ஆள் "உங்களுக்கு எது பிடிக்குமோ சொல்லுங்க சார்"ங்கிறார். சொந்த அக்காவையே மெக்கானிக்கா வச்சுக்கிட்டு நான் எதுக்குக் கண்டவங்ககிட்ட கேட்கணும்?

எனக்கு வேண்டியது இதுதான். ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினா முதுகுல இடிக்கக்கூடாது. குழியில விழுந்தா உள்ள இருக்கவங்களுக்குத் தெரியக்கூடாது. முடிஞ்சா வண்டியைக் கொஞ்சம் உயரமாத் தூக்கணும். ஏறி இறங்கக் கஷ்டமா இருக்கு.

சீக்கிரம் எழுது. வேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி

*

பிப்ரவரி 18

டேய் தவளை,

நான் நல்லா இருக்கேன். ஒழுகல் நிக்கலை, அடியில வாளி வச்சிருக்கேன். களிம்பு போடுறேன், அடுத்த நிமிஷமே கிரீஸ் வந்து அதைத் துடைச்சுட்டுப் போயிடுது. மூணு பதிலும் வந்துச்சா?

அவர் பேச்சு வராதுன்னு சொல்றதுக்கே நாலு வரி அவரைப் பத்தி எழுதியிருக்க. கெட்டிக்காரன்தான். எனக்கு ஒண்ணும் அவர் மேல வஞ்சம் இல்ல. உன் கல்யாண மண்டபத்துல உன் மாமனார் "பெரிய பொண்ணு என்ன பண்றாங்க?"ன்னு கேட்டார். நான் பின்னாடியே நின்னுக்கிட்டிருந்தேன். "ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை"ன்னு சொன்னார் உங்கப்பா. சர்வீஸ் பூரா கடை கடையா ஏறித் தராசு சோதிச்சு, ஒரு கிராம் குறைஞ்சாலும் அபராதம் போட்ட மனுஷன், பெத்த பொண்ணை மாத்திச் சொன்னார். திரும்பிப் பார்த்தப்போ நான் நிக்கிறது தெரிஞ்சும் திருத்தலை. அதைத் திருத்தி ஒரு வார்த்தை அவர் வாயால வரட்டும், அன்னைக்கு நானே போன் பண்றேன். அதுவரைக்கும் கடிதம்தான்.

இப்ப வண்டி. இத்தனை வருஷத்துல ஸ்போர்ட்ஸ் காரை உயரமாத் தூக்கித் தரச்சொன்ன முதல் ஆள் நீதான். முதலாளிகிட்ட சொன்னேன், டீ புரையேறிடுச்சு. போன வருஷம் வரைக்கும் "இன்னும் இறக்கணும், இன்னும் இறுக்கணும்"னு குதிச்ச. இப்ப முதுகு வலிக்குதா? உனக்கென்ன எழுபது வயசா?

குட்டை ஸ்பிரிங் வேண்டாம். வண்டி அடி தட்டும். ரேஸ் செட் வேண்டவே வேண்டாம். தினம் ரோட்டுல ஓடுற வண்டிக்கு அதைப் போடுறது, மெத்தையைத் தூக்கி எறிஞ்சுட்டு வெறும் கட்டில்ல படுத்து நான் வீரன்னு சொல்லிக்கிற மாதிரி. கடினமா இருக்கிறது நல்ல சஸ்பென்ஷன் இல்லடா. கீழ சக்கரம் என்ன பாடு படுதுன்னு மேல உட்கார்ந்தவனுக்குத் தெரியாம இருக்கணும். அதுதான் நல்லது.

எந்த ரோட்டுல போற, எவ்வளவு வேகம், யார் யார் உட்கார்றீங்க? இதெல்லாம் தெரியாம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

அக்கா

*

மார்ச் 4

அக்காவுக்கு,

நானும் அவளும் நலம். உன் வாளியை நினைச்சாத்தான் கவலை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சத்தம் போடு. வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு ஊரையே அதட்டுறவ, ஒரு கூரைக்குப் பயப்படுறியே.

ரோடு என்னன்னு கேட்ட. வீட்ல இருந்து ரெண்டு தெரு நல்லாப் போகும். அப்புறம் பள்ளிக்கூடம் வரும், அங்க ஸ்பீடு பிரேக்கர் அடுத்தடுத்து முட்டி முட்டியா இருக்கு. பாலத்து இணைப்புல இரும்புப் பட்டை தூக்கிக்கிட்டு நிக்குது. அதைத் தாண்டினா ஆஸ்பத்திரி ரோடு, பைப் போட்டு மூடின பள்ளம் அப்படியே கிடக்கு. வேகம் சாதாரண வேகம்தான். வயசாகுதில்ல.

யார் உட்கார்றதுன்னு கேட்ட. என் வீட்டுக்காரி உட்கார மாட்டா. சாக்கடையில உட்கார்ந்து போற மாதிரி இருக்காம், பஸ்ல கௌரவமாப் போறேன்னு சொல்லிட்டா. ஓட்டுறது நான்தான்.

நீ பாட்டுக்குக் கிண்டல் பண்ணிக்க. ஆனா உயரம் கொஞ்சம் வேணும் அக்கா. சீட்ல இருந்து எழுந்திரிக்கிறது ரொம்பச் சிரமமா இருக்கு. வித்துட்டு சாதாரண வண்டி வாங்கலாம்னுகூடப் பார்த்தேன். மனசு கேட்கலை, கூட இருக்கவங்களும் விடலை.

பதிலுக்குக் காத்திருக்கேன்.

தம்பி

*

மார்ச் 20

டேய்,

நலம். வீட்டுக்காரர் வந்து பார்த்தார். வாளி சின்னதா இருக்குன்னு சொல்லிட்டுப் பெரிய வாளி ஒண்ணு கொடுத்துட்டுப் போனார்.

உன் கடிதத்தை நாலு தடவை படிச்சேன். நீ வண்டியைப் பத்திப் பேசுற மாதிரியே இல்ல. பல் பிடுங்கினவன் பேசுற மாதிரி இருக்கு. சரி, வாய் சொல்லாததை வண்டி சொல்லும்.

இதோட நாலு பிளாஸ்டிக் டேக் வச்சிருக்கேன், வயரைக் கட்டுவாங்களே அதுதான். வீல் பக்கத்துல ஷாக் அப்சார்பர்ல பளபளன்னு ஒரு தண்டு தெரியும். ஒவ்வொரு தண்டுலயும் ஒண்ணைச் சுத்திக் கட்டி, அடி வரைக்கும் தள்ளி விடு. வண்டி குதிக்கிறப்போ ஷாக் அமுங்கி டேக்கை மேல தள்ளும். டேக் அங்கேயே நின்னுடும், திரும்ப இறங்காது. ஒரு வாரம் எப்பவும் போற ரோட்டுலயே ஓட்டு. அப்புறம் எது எவ்வளவு ஏறியிருக்குன்னு அளந்து எழுது. தனியா ஓட்டு, யாரையும் ஏத்தாத. பக்கத்துல ஆள் இருந்தா கணக்கு மாறிடும்.

அங்க பல்லுக்குப் பயன்படுத்துற அளவுகோல்லயே அள. டேப்பை வச்சுக் குத்துமதிப்பா எழுதி அனுப்பாத.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நானும் அவளும் நலம். பெரிய வாளிக்கு வாழ்த்துகள்.

டேக் கட்டினேன். ஒரு வாரம் ஓட்டினேன். முன்னாடி என் பக்கம் 41 மில்லிமீட்டர், பக்கத்து சீட் பக்கம் 38. பின்னாடி என் பக்கம் 36, பக்கத்து சீட் பக்கம் 35. லேப்புல இருக்கிற அளவுகோல்லதான் அளந்தேன். ரெண்டு தடவை அளந்தேன், ரெண்டும் ஒண்ணுதான்.

இதை வச்சு எது போடலாம்னு சொல்லு. கொஞ்சம் அவசரம் அக்கா. மழைக்காலத்துல பள்ளம் இன்னும் பெருசாகும்.

தம்பி

*

ஏப்ரல் 9

டேய் தவளை,

நலம் விசாரிக்க இப்ப நேரமில்ல. யாருடா அவ?

தனியா ஓட்டுன்னு சொன்னேன். தனியா ஓட்டின வண்டியில ரெண்டு பக்கமும் இப்படிச் சரிசமமா ஏறாது. உன் பக்கத்து சீட்ல ஆள் இருந்திருக்கு. உன் வீட்டுக்காரி உட்கார மாட்டான்னு நீயே எழுதியிருக்க. அடுத்தது, உன் வண்டி ஓட்டும் லட்சணம் எனக்குத் தெரியும், முன்பக்கம் அறுபது மில்லிமீட்டர் அமுங்காம இருந்ததே இல்ல. 41-னா நீ பிரேக்கைத் தொடவே இல்ல, தலையில தண்ணிக்குடம் வச்சவன் மாதிரி ஓட்டியிருக்க. யாரையோ அலுங்காம குலுங்காமக் கூட்டிக்கிட்டுப் போற.

முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கப் பார்க்கிற. உன் வீட்டுக்காரி நல்ல பொண்ணுடா. அவளுக்குத் துரோகம் பண்ணின, உனக்கு நான் அக்காவே இல்ல.

அக்கா

*

ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க தம்பி பெண்டாட்டி எழுதுறேன். நீங்க நல்லா இருக்கணும். உங்க கடைசிக் கடிதத்தை அவர் படிச்சுட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். வாங்கிப் படிச்சேன். சிரிச்சு சிரிச்சு எனக்கு விக்கலே வந்துடுச்சு. எனக்காக நீங்க அவரை அடிக்கக் கிளம்பினதுக்கு நன்றி. அந்த தைரியத்துலதான் இதை எழுதுறேன்.

மாமாவைப் பத்தி எழுதக்கூடாதுன்னு நீங்க சட்டம் போட்டது உங்க தம்பிக்கு. எனக்குப் போடலை. அதனால நான் எழுதலாம்.

அந்த சீட்ல உட்கார்றது மாமாதான். ஜனவரியில குளியலறையில வழுக்கி விழுந்துட்டார். முதுகெலும்பு விரிசல் விட்டு ஆபரேஷன் ஆச்சு. இப்ப நடக்குறார். வாரத்துல மூணு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பயிற்சி கொடுக்கணும். வாடகை வண்டியில போனா அவங்க ஓட்டுற ஓட்டுக்கு உயிர் போகுது. நம்ம வண்டியோ தரையில கிடக்கு. உட்கார்றப்போ ஒரு தடவை, எழுந்திரிக்கிறப்போ ஒரு தடவை கண்ணுல தண்ணி வந்துடும் அவருக்கு. வெளியே காட்ட மாட்டார். கதவுக் கைப்பிடியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டே போவார். வண்டியை வித்துடலாம்னு உங்க தம்பி சொன்னார். "அவன் ஆசைப்பட்டு வாங்கினது, என் முதுகுக்காக விக்கக்கூடாது"ன்னு மாமா ஒரே பிடிவாதம். உங்க வீட்டுப் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா?

உங்க தம்பி உங்ககிட்ட பொய் எழுதலை அண்ணி. ஒரு தடவைகூட "எல்லாரும் நலம்"னு எழுதியிருக்க மாட்டார், எடுத்துப் பாருங்க. அந்த அளவைக்கூட மாத்தி எழுதியிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ராத்திரி அதை வச்சுக்கிட்டுத் தவிச்சார். "ஒரு பக்கம் குறைச்சு எழுதிடுங்களேன்"னு நானே சொன்னேன். "தராசுக்காரர் பிள்ளைக்கு அது கை வராது"ன்னுட்டார்.

நான் எழுதினது தப்புன்னா திட்டி எழுதுங்க. எழுதாம மட்டும் இருந்துடாதீங்க.

உங்கள் தம்பி மனைவி

*

மே 5

அக்காவுக்கு,

நாங்க இங்க இருக்கோம். நீ எப்படி இருக்க?

அவ எழுதினதுக்கு என்கிட்ட கோபமா? சட்டத்தை மீறினது நான் இல்ல. ஆனா அவ எழுதினது நல்லதுன்னு எனக்குத் தோணுது. மறைச்சதுல எனக்குத் தூக்கமே இல்ல. நீ சஸ்பென்ஷன் பத்தி எழுதலைன்னாலும் பரவாயில்ல. வாளி நிரம்புச்சா இல்லையான்னாவது ஒரு வரி போடு.

தம்பி

*

மே 29

தம்பிக்கு,

நலம். கோபம் இல்ல. எழுத உட்கார்ந்தேன், வரலை. அவ்வளவுதான். உன் வீட்டுக்காரிகிட்ட நான் திட்டலைன்னு சொல்லு. அவளுக்குத் தனியா எழுதுறேன்.

பக்கத்து சீட்ல உட்கார்றவரோட இப்போதைய எடை வேணும். நல்ல தராசுல பார்த்து எழுது. சீட்ல இருந்து எழுந்திரிக்கிறப்போ எந்தக் காலை முதல்ல வெளியே வைக்கிறார், எதைப் பிடிச்சு எழுந்திரிக்கிறார், வலி ஏறுறப்போவா இறங்குறப்போவா, ஸ்பீடு பிரேக்கர்ல முன் சக்கரம் இறங்குறப்போ வலிக்குதா பின் சக்கரம் இறங்குறப்போவான்னு கேட்டு எழுது. நான் கேட்டேன்னு சொல்லாத.

அக்கா

*

ஜூன் 7

அக்காவுக்கு,

எடை ஐம்பத்து மூணு.

நீ மண்டபத்துல பார்த்தப்போ எழுபதுக்கு மேல இருந்தார். எனக்கும் அந்த முள்ளைப் பார்த்தப்புறம்தான் உறைச்சுது. தினம் பக்கத்துலயே இருந்தா குறையுறது தெரிய மாட்டேங்குது.

எடை பார்த்த கதையைக் கேளு. குளியலறைத் தராசை எடுத்து வச்சேன். ஏற மாட்டேன்னுட்டார். "இதைச் சோதிச்சியா?" சோதிக்கலைன்னேன். அஞ்சு லிட்டர் தண்ணிக் கேன் ரெண்டைக் கொண்டு வரச்சொல்லி, ஒண்ணு ஒண்ணா வைக்கச் சொல்லி, முள் எங்க நிக்குதுன்னு பார்த்து, அரைக் கிலோ கூடுதலா காட்டுதுன்னு கண்டுபிடிச்சு, அதைக் கழிச்சுக்கச் சொல்லிட்டு அப்புறம்தான் ஏறினார். ஏறினவர் "காருக்கு எதுக்குடா என் எடை?"ன்னார். மெக்கானிக் கேட்டாங்கன்னேன். உடனே இறங்கினார். பாக்கெட்ல இருந்து கண்ணாடிக் கூடு, சாவி எல்லாத்தையும் எடுத்து மேஜையில வச்சுட்டு மறுபடி ஏறினார். "சரியா எழுது. அவங்களுக்குத் தப்பாப் போகக்கூடாது"ன்னார்.

இடது காலைத்தான் முதல்ல வெளியே வைக்கிறார். கதவு ஓரத்தைப் பிடிச்சு எழுந்திரிக்கிறார். எழுந்திரிக்கிறப்போதான் அதிக வலி. ஸ்பீடு பிரேக்கர்ல பின் சக்கரம் இறங்குறப்போ.

தம்பி

*

ஜூலை 1

டேய் தவளை,

பார்சல் வந்திருக்கும். ரேஸ் செட் இல்ல, பயப்படாத. உயரம் மாத்துற வசதி உள்ள ஷாக், அதுக்கு நானே தேடி எடுத்த மிருதுவான ஸ்பிரிங். கடைக்காரங்க பார்த்தா சிரிப்பாங்க, சிரிக்கட்டும். மூணு விரல் அளவு உயர்த்தி வச்சிருக்கேன். உன் மஞ்சள் வண்டி இனிமே கொஞ்சம் கோழி மாதிரிதான் நிக்கும், பொறுத்துக்க. ஷாக்ல ஒரு திருகு இருக்கு. திருப்பினா கிளிக் கிளிக்னு சத்தம் வரும். நான் வச்ச இடத்துலயே இருக்கட்டும். உன் கை அரிப்புக்கு அதைத் தொடாத.

வச்சுப் பார்க்காம அனுப்பலை. உன் வண்டி மாதிரியே ஒரு வண்டி இங்க வேலைக்கு வந்திருந்தது, அதோட சொந்தக்காரர் சம்மதிச்சார். பக்கத்து சீட்ல ஐம்பத்து மூணு கிலோ மணல் மூட்டை. தராசைச் சோதிச்சுட்டுத்தான் எடை போட்டேன், கவலைப்பட வேண்டாம்னு சொல்லு. சாய்ஞ்சுடக்கூடாதேன்னு சீட் பெல்ட் போட்டு விட்டேன். பின்தெரு முழுக்க மேடு பள்ளம், அதுல சுத்திச் சுத்தி வந்தேன். ஒரு சுத்து, இறங்கி ஒரு கிளிக் குறைப்பேன். மறுபடி ஒரு சுத்து. பின் சக்கரம் இறங்குறப்போ மூட்டை துள்ளக்கூடாது, அதுதான் கணக்கு.

மணி ஏழாகியும் முடியலை. எல்லாரும் கிளம்பிட்டாங்க. மூட்டையும் நானும்தான். எப்ப ஆரம்பிச்சேன்னு தெரியலை, அதுகிட்ட பேசிக்கிட்டு ஓட்டியிருக்கேன். இதோ மேடு வருது, பிடிச்சுக்கோங்க, ஒண்ணும் ஆகாதுன்னு. அப்புறம் மண்டபத்துல நடந்ததையும் கேட்டுட்டேன். என்னைப் பார்த்தா உங்களுக்கு என்ன வெட்கம்னு கேட்டேன். மூட்டை பதில் சொல்லலை. எனக்கென்ன, பழக்கம்தானே.

ஐம்பத்து மூணு கிலோ ரொம்பக் கம்மிடா. மூட்டையைத் தனியா நானே தூக்கி சீட்ல வச்சுட்டேன். வச்சுட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்னேன்.

நல்லாச் சாப்பிட வை.

அக்கா

*

ஜூலை 19

அக்காவுக்கு,

எல்லாரும் நலம். இந்த ரெண்டு வார்த்தையை எழுத எவ்வளவு நாள் ஆச்சு பாரு.

செட் மாட்டியாச்சு. கடைக்காரங்க சிரிச்சாங்க. அப்புறம் ஒருத்தர் ஓட்டிப் பார்த்துட்டு, யார் செட் பண்ணினாங்கன்னு கேட்டார். சிரிப்பு நின்னுடுச்சு.

முதல் நாள் அவர் வழக்கம் போல ரெண்டு கையாலயும் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டார். பள்ளிக்கூடத்து முதல் மேடு வந்தது, கண்ணை மூடிக்கிட்டார். வண்டி ஏறி இறங்கிடுச்சு. கண்ணைத் திறந்து "தாண்டியாச்சா?"ன்னார். அடுத்ததுல ஒரு கையை எடுத்தார். பாலத்துல ரெண்டு கையும் மடியில இருந்துச்சு. நான் பார்க்கிறேன்னு தெரிஞ்சதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார்.

இனிமேதான் விஷயம். ஆஸ்பத்திரி வாசல்ல அவரே எழுந்து நின்னார். பயிற்சி கொடுக்கிற பொண்ணு ஓடி வந்து, "என்ன தாத்தா, இன்னைக்குக் கண்ணு கலங்கலை?"ன்னு கேட்டுச்சு. வண்டியைக் காட்டினார். அந்தப் பொண்ணுக்குப் புரியலை. உடனே இவர், குனியவே கூடாதுன்னு டாக்டர் சொன்ன மனுஷன், கதவைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா குனிஞ்சு, வீலுக்கு உள்ள விரலை நீட்டி, "அங்க பாரும்மா, அந்த ஸ்பிரிங். என் மூத்த பொண்ணு வேலை"ன்னார். "இன்ஜினியரா தாத்தா?"ன்னுச்சு அது. ஆமான்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். நிமிர்ந்தார். "இல்லம்மா. மெக்கானிக். வண்டிக்கு அடியில படுத்து வேலை பார்க்கிறவ"ன்னு அந்த வாசல்ல நின்ன அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

நான் அவர்கிட்ட உன் பேச்சே எடுக்கலை அக்கா, சத்தியமா. வீட்டுக்கு வந்தப்புறம் எப்படித் தெரியும்னு கேட்டேன். "பக்கத்துல உட்கார்றவன் எடையைக் கேட்டுட்டு ஸ்பிரிங் போடுறவ என் பொண்ணா இல்லாம வேற யாருடா?"ன்னார்.

நேத்து ராத்திரி மேஜையில உட்கார்ந்து ஏதோ எழுதினார். ஒட்டிக் கொடுத்துட்டார். என்ன எழுதியிருக்கார்னு எனக்குத் தெரியாது. இதோட வச்சிருக்கேன்.

தம்பி

*

ஜூலை 18

மகளுக்கு,

அப்பா எழுதுவது. என் உடல்நிலை தேறி வருகிறது. உன் உடல்நிலையையும், கை வெடிப்பையும், கூரையையும் பற்றி உன் தம்பி மேஜையில் விட்டுப்போகும் கடிதங்களிலிருந்து தெரிந்துகொள்கிறேன். அவற்றை நான் படிப்பது அவனுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். வேண்டுமென்றே விட்டுப்போகிறான் என்றும் நினைக்கிறேன்.

நீ அனுப்பிய சாதனம் பொருத்தப்பட்டு உபயோகத்தில் உள்ளது. அது பற்றி ஒரு புகார். பின்பக்கம், என் சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வருகிறது. உன் தம்பியிடம் சொன்னேன், இல்லவே இல்லை என்கிறான். மருமகளை உட்கார வைத்துப் பார்த்தேன், அவளும் இல்லை என்கிறாள். கடைக்காரரும் அப்படியே. எனக்கு மட்டும் கேட்கிறது. பொருத்தியவர்களால் முடியாது, செய்தவளே நேரில் வந்து கேட்டால்தான் தெரியும் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று. மண்டபத்தில் உன்னைப் பற்றி நான் சொன்ன அளவு தவறு. தவறான எடைக்கல்லைக் கண்டால் அந்த இடத்திலேயே பறிமுதல் செய்ய வேண்டும் என்பது விதி. நான் செய்யவில்லை. பெரிய மனிதர்கள் முன்னால் நின்றதும் எனக்கு வாய் கூசிவிட்டது. வெட்கப்பட வேண்டியது உன் வேலைக்கு அல்ல, என் வாய்க்கு. நீ மூட்டையிடம் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.

அப்பா

*

ஜூலை 26

அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க கடிதம் வந்து ரெண்டு நாள் ஆச்சு. முதல் நாள் கிரீஸ் கையோட பிரிச்சுட்டேன், ஓரமெல்லாம் கறுப்பாயிடுச்சு. நீங்க கோவிச்சுக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன்.

நான் செஞ்ச செட்ல சத்தம் வராது. மூட்டையை வச்சுக்கிட்டு அத்தனை சுத்து சுத்தினேன், ஒரு முணுமுணுப்பு கிடையாது. முதலாளிகிட்ட உங்க கடிதத்தைக் காட்டினேன். அவரும் படிச்சுப் பார்த்துட்டு, சத்தம் வர வாய்ப்பே இல்லன்னார். அப்புறம் பத்து நாள் லீவு எழுதிக்கோன்னார்.

ஆனா எனக்குக் கேக்குதுப்பா. இங்க இருந்தே நல்லாக் கேக்குது. போன்ல சொல்லிடலாம்னு நேத்து நம்பரைப் போட்டேன். நீங்க "ஹலோ"ன்னு சொல்லிட்டு இருமினீங்க. உடனே வச்சுட்டேன். அந்த ராங் நம்பர் நான்தான்.

சனிக்கிழமை காலையில வரேன். அதுவரைக்கும் யார் கேட்டாலும் குனிஞ்சு காட்டாதீங்க. நானே வந்து படுத்துப் பார்த்துக்கிறேன். வண்டிச் சாவியைத் தவளைகிட்ட இருந்து வாங்கி வைங்க. நான் ஓட்டுறேன், நீங்க பக்கத்துல உட்காருங்க. எவ்வளவு தூரம் போனா அந்தச் சத்தம் வரும்னு நீங்க எழுதலை.

வர்ற வரைக்கும் ஓட்டுவோம்.

உங்க மெக்கானிக்